கிரீன் சர்க்கிளில் அனல், பள்ளிகொண்டாவில் குளிர்: பழைய காரின் ஏசிக்கு என்ன நோய்?

பாலாற்றங்கரை | மே 6, இரவு 9.40

வண்டி 2008 மாடல் பெட்ரோல் கார், சிறியது. 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனிப் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. போட்டால் ஏசியை மறந்துவிட்டு, எந்தக் கம்பெனி உயர்ந்தது என்று பத்துப் பக்கம் சண்டை ஓடும்.

மாதம் இரண்டு முறை அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் ஏறும்போது ஏசி ஓரளவு குளிர்கிறது. கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றதும் வெறும் மின்விசிறிக் காற்றுதான். பத்து நிமிடம் நின்றால் அதுவும் வெதுவெதுப்பாகிவிடுகிறது. நேற்று அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, "வெளிக்காற்றே தேவலை" என்றார். அக்னி நட்சத்திரம் தொடங்கிய மறுநாள், நண்பகலில், வேலூரில் ஒருவர் சொல்லக்கூடிய வார்த்தையா இது?

சென்ற ஆண்டு மார்ச்சில் ஒரு கடையில் காட்டினேன். கேஸ் குறைவு என்று நிரப்பினார்கள். இந்த ஏப்ரலில் வேறொரு கடை. அவர்களும் அதையே சொல்லி, அதையே செய்தார்கள். இரண்டாம் முறைக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். இப்போது, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரையே மாற்றச் சொல்கிறார்கள். கேட்கும் தொகை, வண்டியை விற்றால் கிடைப்பதில் பாதி வரும். என்ன செய்யலாம்?

ஆற்காடு மக்கன்பேடா | மே 6, இரவு 9.58

இவ்வளவு பழைய வண்டியில் கேஸ் கசியாமல் இருந்தால்தான் அதிசயம். நான் ஆண்டுதோறும் சித்திரை பிறந்ததும் நிரப்பிவிடுவேன், இன்சூரன்ஸ் கட்டுவதைப் போல. நல்ல கடையாகப் பார்த்து இன்னொரு முறை நிரப்புங்கள். கம்ப்ரஸர் மாற்றுவதெல்லாம் அப்புறம்.

ஸ்பானர் சாமி | மே 6, இரவு 10.25

அது இன்சூரன்ஸ் அல்ல, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது. ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், ஒப்புக்கொள்கிறேன். அது பல ஆண்டுக் கணக்கு. வருடத்துக்கு ஒருமுறை தேவைப்பட்டால் ஓட்டையைத் தேட வேண்டும்.

பாலாற்றங்கரை தம்பி, எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும்போது ஏசி எப்படி இருக்கிறது? கேஸை எடை போட்டு ஏற்றினார்களா, மீட்டர் முள்ளைப் பார்த்து ஏற்றினார்களா?

பாலாற்றங்கரை | மே 7, காலை 6.50

ஐயா, சென்ற மாதம் ஆம்பூர் போனோம். நெடுஞ்சாலையில் நன்றாகக் குளிர்ந்தது, பின்னால் உட்கார்ந்திருந்த மகள் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டாள். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது மறுபடி வெதுவெதுப்பு. அதைத் தாண்டியதும் மறுபடி குளிர்.

தராசு எதையும் நான் பார்க்கவில்லை. முதல் கடையில் ஒரே ஒரு நீல மீட்டர். இரண்டாம் கடையில் நீலம், சிவப்பு இரண்டும் இருந்தன, ஆனால் சிறிய டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்துக் குலுக்கித்தான் ஏற்றினார்கள்.

ஸ்பானர் சாமி | மே 7, காலை 7.15

அப்படியானால் இனி யாரையும் கேஸ் டப்பாவோடு பானெட் பக்கம் விடாதீர்கள்.

காருக்குள் இருக்கும் சூட்டைக் கூலிங் காயில் உறிஞ்சுகிறது. கேஸ் அந்தச் சூட்டைச் சுமந்து வந்து, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரில் இறக்கி வைக்கிறது. இறக்கி வைக்க வேண்டுமானால் கண்டன்சர் வழியாகக் காற்று போக வேண்டும். வண்டி ஓடினால் எதிர்க்காற்றே போதும். நின்றால் ஃபேன்தான் கதி. ஓடும்போது குளிர், நிற்கும்போது அனல் என்றால் என் கண் முதலில் ஃபேன் மீதும் கண்டன்சர் மீதும்தான் போகும். ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, கம்ப்ரஸர் மெதுவாகச் சுற்றுவதால் எந்த வண்டியிலும் குளிர் சற்றுக் குறையும். ஆனால் துப்பட்டாவுக்கும் வெதுவெதுப்புக்கும் இடையிலான தூரம் அதனால் வராது.

காட்பாடி ஜங்ஷன் | மே 7, காலை 9.30

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை, இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது மீட்டர் காட்டும் அழுத்தம், உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதைச் சொல்லாது. நம் ஏசியில் சுற்றும் கேஸான ஆர்134ஏ உள்ளே திரவமாக ஒரு சொட்டு இருந்தாலும், நிறைய இருந்தாலும், 30 டிகிரி வெயிலில் அழுத்தம் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ, 40 டிகிரியில் 133 பிஎஸ்ஐதான் காட்டும். சமையல் சிலிண்டர் முக்கால் காலியானாலும் அடுப்புச் சுடர் அப்படியே எரிவதைப் போல. அதனால்தான் எடை முக்கியம். பானெட்டின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எத்தனை கிராம் என்று. சிறிய கார்களில் பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அரைக் கிலோவில் நூறு கிராம் கூடுவதும் குறைவதும் பெரிய விஷயம்.

நீல மீட்டர் கம்ப்ரஸருக்குள் போகும் தாழ்ந்த அழுத்தம், சிவப்பு அதிலிருந்து வரும் உயர்ந்த அழுத்தம். இன்ஜினும் ஏசியும் ஓடும்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கதை புரியும். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. நீலம் உயர்ந்து சிவப்பு தாழ்ந்தால் கம்ப்ரஸருக்கு வயதாகிவிட்டது. நீலம் அநேகமாகப் பூஜ்யத்துக்கே இறங்கினால், கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு. இரண்டுமே உயர்ந்திருந்தால் கேஸ் மிகுதி, அல்லது கண்டன்சருக்குக் காற்று இல்லை, அல்லது உள்ளே வெறுங்காற்று புகுந்திருக்கிறது. முதல் கடைக்காரர் நீல மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு எதைப் பார்த்தார் என்பது அவருக்கே வெளிச்சம்.

மரமில்லா மலை | மே 7, காலை 11.05

"நீரில்லா ஆறு, மரமில்லா மலை" என்று நம் ஊரைப் பழித்தவர்கள் ஏசி மெக்கானிக்காக இருந்திருக்க வேண்டும். சுற்றிலும் மொட்டைப் பாறை. பகலெல்லாம் காய்ந்து, பொழுது சாய்ந்த பிறகும் அனலைக் கக்குகிறது. நிழலில் 41 டிகிரி என்றால் கிரீன் சர்க்கிளில் தார்ச் சாலைக்கு ஓரடி மேலே இன்னும் அதிகம். கண்டன்சர் இருப்பது அந்த உயரத்தில்தான். பக்கத்தில் நிற்கும் லாரியின் புகைக்குழாய் வேறு நேராக நம் முகத்துக்கு. 24 டிகிரி குளிர் வேண்டும் என்று பெங்களூர்க்காரரைப் போல எதிர்பார்ப்பதும் தவறு. இது என் அபிப்பிராயம்.

கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டலாமே என்று யாரும் தொடங்க வேண்டாம். 2012இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதிலிருந்து அந்தப் பேச்சு இந்த ஊரில் எங்கும் நன்றாக முடிந்ததில்லை.

குடியாத்தம் தறி | மே 7, பகல் 1.20

இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் நேர்மாறு. முதல் ஒரு மணி நேரம் அருமையான குளிர். பிறகு காற்றே வருவதில்லை. ப்ளோயர் சத்தம் மட்டும் கேட்கிறது. டீக்கடையில் அரை மணி நேரம் நிறுத்தினால் வண்டிக்கு அடியில் ஒரு குடம் தண்ணீர் கொட்டிக் கிடக்கிறது. கிளம்பினால் மறுபடி அருமையான குளிர். இதற்கும் கேஸ் போடச் சொல்கிறார்கள்.

ஸ்பானர் சாமி | மே 7, பகல் 1.45

உங்கள் கூலிங் காயில் பனிக்கட்டியாகிறது. காயிலில் அதன் குளிரை அளக்கும் ஒரு சிறிய தெர்மிஸ்டர் செருகியிருக்கும். காயில் உறையும் நிலைக்கு வந்ததும் கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்வது அதன் வேலை. அது கெட்டிருக்கும், அல்லது இடத்தை விட்டு நழுவியிருக்கும். காயில் முழுக்கத் தூசி படிந்து காற்றோட்டம் குறைந்தாலும் உறையும். பழைய வண்டிகள் பலவற்றில் கேபின் ஃபில்டரே கிடையாது, எல்லாத் தூசியும் நேராகக் காயிலில்தான். கேஸ் அளவு குறைந்தாலும் சில வேளை இப்படி ஆகும். ஆனால் அதைக் கடைசியாகப் பாருங்கள். மேற்கொண்டு கேட்க வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், தம்பி. இரண்டு நோயாளிகளை ஒரே கட்டிலில் போட்டால் மருந்து மாறிவிடும்.

பாலாற்றங்கரை | மே 8, காலை 10.40

நேற்று மாலை சமையலறையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து, டேஷ்போர்டில் ஏசி காற்று வரும் நடு வென்டில் செருகினேன். வெளியே 38 டிகிரி. ஐட்லிங்கில் பத்து நிமிடம் நின்ற பிறகு வென்டில் 19. பாகாயம் வரை ஒரு சுற்று ஓட்டினேன், 11க்கு இறங்கியது. வீட்டு வாசலில் நிறுத்தி ஐந்து நிமிடம் ஆவதற்குள் மறுபடி 18.

பானெட்டைத் திறந்தால் ஃபேன் இரண்டும் சுற்றுகின்றன. ஒன்று ரேடியேட்டருக்கு, இன்னொன்று ஏசிக்கு. ஏசி போட்டதும் ஏசி ஃபேன் உடனே ஓடுகிறது. அதனால் ஐயா சொன்ன ஃபேன் சந்தேகம் இல்லை என்றே நினைக்கிறேன். வேறு எங்கே பார்ப்பது?

ஸ்பானர் சாமி | மே 8, காலை 11.00

ஒரு குவளைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஐட்லிங்கில், ஏசி முழு வேகத்தில். முன் கிரில் வழியாகக் கண்டன்சர் மீது மெல்லத் தெளியுங்கள், வயரிங் மீதும் ஃபேன் மோட்டார் மீதும் படாமல். சுழலும் பெல்ட், ஃபேன் பக்கம் கையோ துண்டோ போகக் கூடாது. வென்ட் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

பாலாற்றங்கரை | மே 8, பகல் 12.35

மூன்று குவளை ஊற்றினேன். நான்கு நிமிடத்தில் 19இலிருந்து 13! தண்ணீர் காய்ந்ததும் மறுபடி 18. பக்கத்து வீட்டுக்காரர் "வண்டிக்கு அபிஷேகமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஸ்பானர் சாமி | மே 8, பகல் 12.50

கம்ப்ரஸர் செத்திருந்தால் மூன்று குவளைத் தண்ணீருக்கு உயிர் வராது. அதை மாற்றச் சொன்னவரிடம் திரும்பப் போக வேண்டாம். கண்டன்சரிலிருந்து சூடு இறங்கவில்லை, அவ்வளவுதான். ஃபேன் சுற்றுகிறது என்கிறீர்கள். எவ்வளவு வேகமாக என்று கேட்கிறேன். கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டாரும் சுற்றத்தான் செய்யும், கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி பரிமாறுபவரைப் போல.

தொரப்பாடி டீச்சர் | மே 8, மாலை 5.10

நான் மெக்கானிக் இல்லை, கணக்கு வாத்தியார். இருபது ஆண்டுகளாக ஒரே காரை ஓட்டுகிறேன், அந்தத் தகுதியில் ஒன்று சொல்கிறேன். ஃபேன் சுற்றுகிறதா என்று கண்ணால் பார்க்காதீர்கள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஒரு செய்தித்தாள் பக்கத்தைக் கிரில்லுக்கு வெளியே, முன்பக்கம் பிடியுங்கள். ஃபேன் சரியாக இழுத்தால் தாள் கிரில்லில் போய் ஒட்டிக்கொள்ளும், கையை விட்டாலும் விழாது. கொஞ்சம் இழுத்து விட்டுவிட்டால் ஃபேன் பலவீனம். இரண்டு ஃபேன் இருப்பதால் இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை தனித்தனியாகப் பாருங்கள்.

பாலாற்றங்கரை | மே 8, மாலை 6.55

டீச்சர் அம்மா, உங்களுக்குக் கோடி நமஸ்காரம்.

ரேடியேட்டர் ஃபேன் பக்கம் தாள் பட்டென்று ஒட்டிக்கொண்டது. ஏசி ஃபேன் பக்கம் பிடித்தேன். தாள் ஒட்டவில்லை, விழவும் இல்லை. என் முகத்தை நோக்கிப் பறந்தது! மறுபடி பிடித்தேன். மறுபடி பறந்தது. கையை வைத்துப் பார்த்தால் அடுப்பங்கரைச் சூட்டில் காற்று வெளியே வருகிறது. ஃபேன் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருக்கிறது!

இப்போதுதான் ஒன்று நினைவுக்கு வருகிறது. முதல் முறை கேஸ் போட்டதற்கு முந்தைய டிசம்பரில், ஆரணி ரோட்டில் ஒரு மாடு குறுக்கே வந்து முன்பக்கம் நசுங்கியது. அப்போது பம்பரோடு ஏசி ஃபேன் மோட்டாரையும் மாற்றினார்கள். மார்கழியில் ஏசி போட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்? மார்ச்சில்தான் குளிர் குறைவது தெரிந்தது. மாட்டையும் ஏசியையும் நான் சேர்த்தே நினைக்கவில்லை.

காட்பாடி ஜங்ஷன் | மே 8, இரவு 7.20

அபாரம். எல்லாம் பொருந்துகிறது. அது டிசி மோட்டார். வெளிச்சந்தை மோட்டாரில் பிளக் பொருந்தாமல் வயரை வெட்டி ஒட்டியிருப்பார்கள். பிளஸ், மைனஸ் மாறினால் தலைகீழாகச் சுற்றும். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறியதாக நீங்கள் சொல்லவில்லை. அதற்குக் காரணம், ரேடியேட்டர் ஃபேன் சரியான திசையில் ஓடுகிறது. ஆனால் ஏசி ஃபேன் வெளியே தள்ளிய சுடுகாற்றைப் பக்கத்திலேயே ரேடியேட்டர் ஃபேன் மறுபடி உள்ளே இழுத்திருக்கும். ஒரே சுடுகாற்று வட்டமடித்திருக்கிறது. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று இந்தத் தவற்றை அமுக்கிவிட்டது.

இன்னொன்று. பத்து நிமிடம் கழித்து முழுக்க வெதுவெதுப்பானதற்கும் இதுவே காரணமாகலாம். அழுத்தம் எல்லை மீறினால் ஒரு சுவிட்ச், கம்ப்ரஸரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்சைத் துண்டித்துவிடும். பல வண்டிகளில் 400 பிஎஸ்ஐயைத் தாண்டும்போது. அப்படித் துண்டிப்பது கம்ப்ரஸரைக் காப்பாற்றத்தான். உங்களுக்குக் கம்ப்ரஸர் செத்ததுபோல் தெரிந்தது.

ஆற்காடு மக்கன்பேடா | மே 8, இரவு 8.05

சரி, ஃபேன்தான். தோற்றேன். ஆனால் கேஸும் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று இன்னும் நம்புகிறேன். பழைய வண்டி, பழைய வண்டிதான்.

ஸ்பானர் சாமி | மே 8, இரவு 8.20

குறைந்திருக்காது, கூடியிருக்கும். நூறு ரூபாய் பந்தயம்.

வயரைச் சரிசெய்த பிறகு, மீட்பு எந்திரமும் தராசும் உள்ள கடைக்குப் போங்கள், தம்பி. பழைய கேஸை வெளியே திறந்துவிடாமல் எந்திரத்தில் இழுத்து எடை போடச் சொல்லுங்கள். பிறகு வேக்யூம் பம்ப் அரை மணி நேரமாவது ஓட வேண்டும், ஈரம் போக. உள்ளே ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வ் வாயில் பனியாக அடைக்கும். பம்பை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் முள் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முள் எழுந்தால் கசிவு, அல்லது ஈரம் இன்னும் போகவில்லை. மூட்டுகளில் எண்ணெய்க் கறை இருந்தாலும் அங்கேதான் கசிவு, கேஸோடு எண்ணெயும் சேர்ந்து வரும்.

காட்பாடி ஜங்ஷன் | மே 8, இரவு 8.40

திறந்துவிட வேண்டாம் என்பதை நானும் வழிமொழிகிறேன். ஆர்134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் புவியைச் சூடேற்றுவதில் அதே எடைக் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். அரைக் கிலோவைத் திறந்துவிட்டால் அரை டன்னுக்கும் அதிகமான கரியமில வாயுவுக்குச் சமம். பெயர் தெரியாத மலிவு டப்பாவும் வேண்டாம். அதில் எரியும் வாயு கலந்திருந்தால் அதை டேஷ்போர்டுக்குள் வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம் என்று பொருள்.

பாலாற்றங்கரை | மே 10, இரவு 9.15

முதலில் ஃபேன். எலெக்ட்ரீஷியன் பிளக்கைப் பிரித்தார். காட்பாடி ஜங்ஷன் சொன்னபடியே இரண்டு வயரையும் முறுக்கி, மேலே கறுப்பு டேப். டேப் உருகிப் பிசுபிசுவென்று இருந்தது. வயரை மாற்றி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டார். 150 ரூபாய். தாளைப் பிடித்தேன், ஒட்டிக்கொண்டது. வென்ட் 19இலிருந்து 14.

14தானா என்று ஏமாற்றமாக இருந்தது. இன்று காலை எந்திரம் உள்ள கடைக்குப் போனேன். ஸ்டிக்கரில் 500 கிராம். உள்ளிருந்து வந்தது 680 கிராம். மக்கன்பேடா அண்ணா, நூறு ரூபாயை எடுத்து வையுங்கள்.

கேஸை எடுப்பதற்கு முன்பு மீட்டர் மாட்டிப் பார்த்தார்கள். ஃபேன் சரியான பிறகும் சிவப்பு 300க்கு மேல், நீலம் 50. வேக்யூம் நாற்பது நிமிடம். முள் அசையவில்லை, அதாவது சொல்லும்படியான கசிவு இல்லை. சரியாக 500 கிராம் ஏற்றினார்கள். சிவப்பு 230, நீலம் 36. நடுப்பகலில், வெளியே 39 டிகிரி, ஐட்லிங், வென்ட் 10.

ஆக, முதல் கடை "கேஸ் குறைவு" என்றது தவறு, இரண்டாம் கடை சொன்னதும் தவறு. ஃபேன் திணறியதால் குளிரவில்லை, குளிராததால் கேஸ் ஏற்றினார்கள், கேஸ் ஏறியதால் இன்னும் குளிரவில்லை. நான் இரண்டு முறையும் காசு கொடுத்துவிட்டு நன்றி வேறு சொல்லியிருக்கிறேன்.

தொரப்பாடி டீச்சர் | மே 10, இரவு 9.40

மதிப்பெண் நூற்றுக்கு நூறு. அம்மா என்ன சொன்னார்?

பாலாற்றங்கரை | மே 12, பகல் 2.30

இன்று போய் வந்தோம். கிரீன் சர்க்கிளில் ஏழு நிமிடம் அசையவில்லை. அம்மா கண்ணாடியை இறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வென்டைத் தன் பக்கத்திலிருந்து என் பக்கம் திருப்பிவைத்தார். தோள்பட்டை வலிக்கிறதாம்.

ஆற்காடு மக்கன்பேடா | மே 12, மாலை 6.20

நானும் என் வண்டியில் தாள் பிடித்துப் பார்த்தேன். யாருக்கும் தெரியக் கூடாது என்று விடியற்காலையில், கேட்டுக்குள். மேல் பாதியில் ஒட்டியது, கீழ் பாதியில் ஒட்டவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் கண்டன்சரின் கீழ்ப்பாதி முழுக்கப் பூச்சியும் மண்ணும் சேர்ந்து அப்பிக் கிடக்கின்றன. ராணிப்பேட்டை லாரிகளுக்குப் பின்னாலேயே இத்தனை வருடம் ஓட்டியதன் பலன். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் கன் வைத்து அடிக்கலாமா?

ஸ்பானர் சாமி | மே 12, மாலை 6.35

கூடாது. தகடுகள் மடங்கி நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். சாதாரண ஹோஸ் தண்ணீர், குறைந்த வேகம். முடிந்தால் உள்பக்கத்திலிருந்து வெளியே தள்ளுவதுபோல அடியுங்கள், வந்த வழியே போகட்டும். ஊறவைத்து இரண்டு மூன்று முறை கழுவ வேண்டியிருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு.

நூறு ரூபாயை மறக்கவில்லை.

ஆற்காடு மக்கன்பேடா | மே 12, மாலை 6.50

ரூபாய்க்குப் பதில் மக்கன்பேடா அரைக் கிலோ அனுப்புகிறேன். எடை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.